பழைய பாய்மரப் படகு வாங்கும்முன்: தண்ணீர் எங்கெல்லாம் நின்றிருக்கிறது?

1980-ஐ ஒட்டிக் கட்டிய முப்பதடிப் பாய்மரப் படகு, பத்தாயிரம் டாலருக்கும் கீழே. கலிஃபோர்னியாவில் இப்படி விளம்பரங்கள் சாதாரணமாகக் கண்ணில் படும். அந்தத் தொகையைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளை மாற்றவே பல ஆயிரம் டாலர் ஆகும். புது டீசல் எஞ்சின் பொருத்தினால் செலவு படகின் விலையையே தாண்டிவிடும். படகைச் சோதித்து அறிக்கை தரும் சர்வேயருக்குப் பணம் கட்டும்முன் மூன்று மணி நேரம் நீங்களே துருவிப் பார்த்தால், தேறாத படகை அங்கேயே கழித்துவிடலாம்.

கேட்டலினா 30 என்ற முப்பதடிப் படகை எடுத்துக்கொள்வோம். ஃபிராங்க் பட்லர் வடிவமைத்தது. 1970-களின் நடுவில் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேல் கட்டினார்கள், ஆறாயிரத்துக்கும் அதிகமாக விற்றது. எடை சுமார் 4.6 டன், அதில் 1.9 டன் அடியில் தொங்கும் ஈயம். இதன் பலவீனங்கள் ஊரறிந்தவை. வேறு எந்தப் பழைய ஃபைபர் படகைப் பார்க்கப் போனாலும் பெரும்பாலும் இதே இடங்களில்தான் கை வைக்க வேண்டும். ஃபைபர் தானாக மட்கிப்போவதில்லை. அதற்குள் இருக்கும் மரமும், அதில் பொருத்திய உலோகமும்தான் கெடுகின்றன, இரண்டையும் கெடுப்பது உள்ளே புகுந்து வெளியேற வழியில்லாமல் நிற்கும் தண்ணீர். எனவே மூன்று மணி நேரமும் ஒரே கேள்வியோடு அலையுங்கள்: தண்ணீர் எங்கே நின்றிருக்கிறது?

கையில் பிளாஸ்டிக் தலை உள்ள சிறு சுத்தியல், நல்ல டார்ச், பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ், சிறு கைக்கண்ணாடி, மாஸ்கிங் டேப், ஸ்க்ரூடிரைவர், நேர்ச்சட்டம், ஒரு நோட்டு இருந்தால் போதும். மழை பெய்த மறுநாள் போவது உத்தமம். எந்த ஜன்னல் ஒழுகுகிறது என்று விற்பவர் சொல்லாமலே தெரிந்துவிடும்.

மேல்தளம்

தளம் ஒரே கட்டியான ஃபைபர் கிடையாது. மேலே ஒரு தோல், கீழே ஒரு தோல், நடுவில் பிளைவுட் அல்லது பால்சா மரம். கைப்பிடித் தூண், கயிறு கட்டும் கிளீட், பாய்க் கம்பிகள் இறங்கும் இடம் என்று எங்கெல்லாம் துளை போட்டார்களோ அங்கெல்லாம் பூச்சு காய்ந்து தண்ணீர் இறங்கும். உள்மரம் ஊறிக் கூழாகும், மேல்தோல் பிரிந்துவிடும்.

அணியத்திலிருந்து பின்பக்கம் வரை ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் ‘டக் டக்’ என்று இறுக்கமான ஓசை வரும், சுத்தியல் துள்ளும். ஊறிய இடத்தில் ‘தொப்’பென்று செத்த ஓசை வரும். ஓசை மாறுகிற எல்லையில் டேப் ஒட்டுங்கள். தட்டி முடித்துவிட்டு எழுந்து நின்று பார்த்தால் நோயின் வரைபடமே தளத்தில் கிடக்கும். பிறகு குதிகாலை ஊன்றி அழுத்துங்கள். தளம் அமுங்கி, திருகுத் துளையோரம் பழுப்பு நீர் கசிந்தால் வேறு சோதனையே வேண்டாம்.

ஒரு தூணைச் சுற்றி உள்ளங்கை அகலம் கெட்டிருந்தால் மேல்தோலை வெட்டி, மரத்தை எடுத்து, எபாக்ஸிப் பசை கொண்டு நீங்களே சரிசெய்யலாம். மூன்றில் ஒரு பங்கு தளம் ‘தொப்’பென்றால் அந்தப் படகை விட்டுவிடுங்கள். இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

பாய்மரத்தின் அடி

கேட்டலினா 30-இல் பாய்மரம் கூரைமேல் நிற்கிறது. அதன் பாரம் கேபினுக்குள் ஒரு தூண் வழியாக, தரைப்பலகைக்குக் கீழே தண்ணீர் தேங்கும் அடிக்குழிக்கு இறங்குகிறது. அந்தத் தூணின் காலடியில் இருக்கும் மரக்கட்டை, அடிக்குழித் தண்ணீரில் ஊறி மெல்ல அமுங்கும். அறிகுறிகள் மேலேதான் தெரியும். கழிவறைக் கதவு சட்டத்தில் உரசும். பாய்மரத்தைச் சுற்றிக் கூரை தட்டுப்போலக் குழிந்திருக்கும். ஒரு நேர்ச்சட்டத்தை வைத்துப் பார்த்தால் குழி எவ்வளவு என்று தெரியும். கம்பிகளை எத்தனை முறை இறுக்கினாலும் தளர்ந்துபோகிறது என்று விற்பவர் பேச்சுவாக்கில் சொன்னால், காரணம் இந்தக் கட்டையாகவே இருக்கக்கூடும். தரைப்பலகையைத் தூக்கி, தூணின் காலை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள்.

ஏரா

அடியில் தொங்கும் ஈயக் கட்டியைப் படகுக்காரர்கள் கீல் என்பார்கள், நம் கடற்கரையில் ஏரா. 1980-களின் பிற்பகுதிக்கு முந்தைய கேட்டலினா 30-களில் ஈயம் பொருந்தும் அடிப்பகுதிக்குள் பிளைவுட் வைத்துக் கட்டினார்கள். அது நசுங்கினால் போல்ட் தளரும், இணைப்பின் முன்முனையில் கீற்றாக ஒரு பிளவு திறக்கும். இதற்கு ‘கேட்டலினா புன்னகை’ என்றே பெயர். நூலிழையாக, காய்ந்து இருந்தால் போல்ட்டை உரிய விசையில் இறுக்கி அடைத்துவிடலாம். பிளவிலிருந்து துருநீர் வழிந்தாலோ, உள்ளே அடிக்குழியில் போல்ட்டின் வாஷர் தரைக்குள் புதைந்திருந்தாலோ வேலை பெரிது. பிளவைப் படகைத் தண்ணீரிலிருந்து தூக்கினால்தான் பார்க்க முடியும். வாஷரை முதல் நாளே பார்க்கலாம்.

கம்பிகள்

துருப்பிடிக்காத எஃகு என்ற பெயரை நம்ப வேண்டாம். காற்றுப் படாத ஈர இடுக்கில் அதுவும் அரிக்கும். கம்பியின் கீழ்முனையை அமுக்கிப் பொருத்திய குழாய்க்குள் மழைநீர் இறங்கித் தங்கும். லென்ஸை வைத்து அந்தக் குழாயின் நீளவாக்கில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். கம்பியில் ஒரே ஒரு இழை அறுந்திருந்தாலும் அந்தக் கம்பி முடிந்தது என்று பொருள். கம்பிகளைப் படகோடு பிணைக்கும் செயின்பிளேட் தளத்தைத் துளைத்துக் கீழே போகும் இடம்தான் மிக மோசம். கேபினுக்குள் அதன் கீழே பழுப்புக் கோடு ஓடியிருந்தால், கழற்றிப் பார்க்காமல் நம்பாதீர்கள்.

கம்பிகள் எந்த ஆண்டு மாற்றப்பட்டன என்று ரசீதோடு கேளுங்கள். 10 முதல் 15 ஆண்டு தாண்டினால் காப்பீடு தரும் பலரும் மாற்றச் சொல்வார்கள். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்று வைத்தே விலை பேசுங்கள்.

எஞ்சின்

‘நான் வரும்வரை எஞ்சினை ஓட்டாதீர்கள்’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் முதலில் எஞ்சின்மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சின் சிரமப்பட்டுக் கிளம்புவதை மறைக்கிறார்கள் என்றே சந்தேகிக்கலாம். எண்ணெய்க் குச்சியை இழுங்கள். மோர் நிறத்தில் இருந்தால் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது.

கிளப்பியதும் பின்னால் போய்ப் பாருங்கள். புகைக்குழாயிலிருந்து தண்ணீர் விட்டுவிட்டுப் பீய்ச்ச வேண்டும். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. கறுப்பென்றால் காற்றுக்குறை அல்லது அதிகச் சுமை. வெள்ளை தொடர்ந்து வந்தால் எரியாத டீசல் அல்லது நீராவி. சும்மா ஓடும்போது எந்த எஞ்சினும் நல்ல பிள்ளைதான். கயிறுகளை இறுக்கிக் கட்டி, கியரில் போட்டு 20 நிமிடம் சுமையோடு ஓட்டுங்கள். வெப்பமானி ஏறிக்கொண்டே போனால் இம்பெல்லர் (தண்ணீர் பம்பின் ரப்பர்ச் சக்கரம்), வெப்பமாற்றி, கரி அடைத்த புகைக்குழாய் முழங்கை என்ற வரிசையில் சந்தேகப்படுங்கள். முழங்கை மலிவு, ஆனால் பலரும் அதைக் கடைசியாகத்தான் பார்க்கிறார்கள்.

பழைய கேட்டலினாக்கள் சிலவற்றில் அட்டாமிக் 4 என்ற பெட்ரோல் எஞ்சின் இருக்கும். 1984-உடன் தயாரிப்பு நின்றது. கவனமாகப் பராமரித்ததை ஒதுக்க வேண்டியதில்லை, ஆனால் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அடிக்குழியில் தேங்கும். கிளப்பும்முன் நான்கு நிமிடம் புளோவர் (ஆவியை வெளியே தள்ளும் விசிறி) ஓட வேண்டும். புளோவர் வேலை செய்யாவிட்டால் சாவியைத் தொடாதீர்கள்.

தண்ணீர்க் கதவுகள், கேஸ்

படகின் உடலைத் துளைத்துக் கடலுக்குத் திறக்கும் ஒவ்வொரு வால்வையும் நீங்களே திறந்து மூடிப் பாருங்கள். கால் வட்டத்தில் மூடும் வெண்கல வால்வு நல்லது. பழைய கேட்டலினாக்களில் வீட்டுக் குழாய்போல் சக்கரம் சுற்றும் பித்தளை வால்வுகள் இருக்கும். உப்புநீரில் பித்தளையின் துத்தநாகம் கரைந்து, சுரண்டினால் இளஞ்சிவப்பாகத் தெரியும். அப்படித் தெரிந்ததை முறுக்கிப் பலம் பார்க்காதீர்கள், கையோடு வந்துவிடும், படகு மூழ்கும். அவை எத்தனை என்று எண்ணிச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சமையல் கேஸில் அழுத்தமானி இருந்தால் அடுப்பின் குமிழ்களை மூடி, சிலிண்டரையும் மின்வால்வையும் திறந்து, பின் சிலிண்டரை மட்டும் மூடுங்கள். மூன்று நிமிடம் முள் அசையக் கூடாது.

பாய்களுக்கு அதிக நேரம் வேண்டாம். தையலைக் கட்டைவிரல் நகத்தால் கீறுங்கள், நூல் பொடிந்தால் வெயில் தின்றுவிட்டது. மெத்தை, திரை, ஜிபிஎஸ் எதற்கும் மதிப்புப் போடாதீர்கள்.

காகிதமும் கையெழுத்தும்

படகின் பின்சுவரில் வலப்பக்கம் 12 எழுத்து அடையாள எண் பதிந்திருக்கும். கேட்டலினாவுக்கு முதல் மூன்று எழுத்து சி.டி.ஒய். ஆவணத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். கோஸ்ட் கார்டில் பதிவான படகென்றால் உரிமை வரலாற்றுச் சான்றை வாங்குங்கள், அதில் பதிவான கடன்கள் தெரியும். கடல் சட்டத்தில் மரினா (படகு நிறுத்தும் துறை) பாக்கியும் மெக்கானிக் பாக்கியும் உரிமையாளரை விட்டுவிட்டுப் படகைப் பிடித்துத் தொங்கக்கூடியவை. கவுண்ட்டி சொத்துவரி கட்டியாயிற்றா என்றும் கேளுங்கள். நிறுத்துமிடம் உங்களுக்கு மாறுமா என்று மரினா அலுவலகத்திடம் எழுத்தில் வாங்குங்கள், பல இடங்களில் மாறாது.

இவ்வளவுக்குப் பிறகும் படகு பிடித்திருந்தால், ‘சர்வேயும் கடலோட்டமும் திருப்தியானால் மட்டும்’ என்ற நிபந்தனையோடு எழுத்தில் விலை சொல்லுங்கள். முன்பணம் வழக்கமாகப் பத்து சதவீதம், புரோக்கரின் தனிக்கணக்கில் இருக்க வேண்டும். சர்வேயரை நீங்களே தேர்ந்தெடுங்கள், புரோக்கர் நீட்டும் பெயரை எடுக்காதீர்கள். சாம்ஸ் அல்லது நாம்ஸ் என்ற சர்வேயர் சங்கத்தின் உறுப்பினரா என்று பாருங்கள். படகைத் தூக்கும் கூலியும் உங்களுடையதே.

தூக்கிய அன்று நீங்களும் அங்கே இருங்கள். ஏராவின் இணைப்பைப் பாருங்கள். ப்ரொப்பெல்லர் தண்டை மேலும் கீழும் ஆட்டுங்கள், ஒன்றரை மி.மீ.க்கு மேல் ஆடினால் ரப்பர் பேரிங் தேய்ந்திருக்கிறது. படகின் உடலில் கொப்புளங்கள் சில இருந்தால் பதற வேண்டாம், பெரும்பாலும் மேற்பூச்சோடு நின்றுவிடும். குத்துவதானால் கண்ணாடி அணியுங்கள், உள்ளிருக்கும் அமிலநீர் தெறிக்கும். சுக்கானின் அடிமுனையைக் கடைசியாகப் பாருங்கள். மதிய உணவு முடிந்து வந்த பிறகும் அங்கிருந்து சொட்டிக்கொண்டிருந்தால், உள்ளிருக்கும் எஃகுச் சட்டம் ஊறிக் கிடக்கிறது. சர்வேயர் பட்டியலோடு சேர்த்து அதற்கும் படகு பழுதுபார்க்கும் யார்டில் விலை கேட்டு, ஒப்பந்தத்தில் உள்ள ஏற்புத் தேதிக்கு முன்பே புது விலையை விற்பவருக்கு எழுத்தில் அனுப்புங்கள். தேதி கடந்தால் முன்பணம் திரும்பாமல் போகலாம்.