குன்னூர்க் குளியலறைக்குக் கோவை விளக்கு

போன ஆடியில் எங்கள் குன்னூர் வீட்டுக் குளியலறை விளக்கைக் கழற்றியபோது அதன் கண்ணாடி மூடிக்குள் கால் டம்ளர் தண்ணீர் நின்றது. கூரை ஒழுகவில்லை, குழாயும் கசியவில்லை. அத்தனையும் நாங்கள் குளித்த வெந்நீரின் ஆவி.

தென்மேற்குப் பருவமழை நாட்களில் மலைவீட்டுச் சுவர்கள் சில்லிட்டுக் கிடக்கும். கீசர் தண்ணீரைத் திறந்ததும் எழும் ஆவி, குளிர்ந்த பரப்பைத் தேடிப் போய் நீராகிறது. விளக்கும் சும்மா இருப்பதில்லை. எரியும்போது உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியேறும். அணைத்ததும் சுருங்கி, வெளியே இருக்கும் ஈரக்காற்றை இழுத்துக்கொள்ளும். தினமும் இப்படி மூச்சுவிடும் விளக்கு ஒரு பருவம் தாங்கினாலே பெரிது.

கோவையில் கடைகடையாக ஏறி இறங்கி அழகை மட்டும் பார்த்து வாங்கியதுதான் நாங்கள் செய்த முதல் தவறு. பெட்டியில் ‘ஐ.பி.’ என்ற எழுத்துகளுக்குப் பின் இரண்டு இலக்கங்கள் இருக்கும். முதல் இலக்கம் தூசியைத் தடுக்கும் திறன், இரண்டாவது தண்ணீரைத் தடுக்கும் திறன். ஐ.பி. 20 என்றால் தண்ணீருக்குப் பாதுகாப்பே இல்லை. அது கூடத்துக்குத்தான் ஆகும். குளியலறைக்குக் குறைந்தது ஐ.பி. 44 வேண்டும். ஷவருக்கு அருகே என்றால் 65 வாங்குங்கள்.

நல்ல விளக்கை வாங்கிய பிறகும் அதைக் கெடுத்துவிட முடியும். வயர் நுழைய மேல்பக்கம் ஒரு துளை போட்டு, உடன் வந்த ரப்பர் வளையத்தைப் பெட்டியிலேயே விட்டுவிடுவார்கள். அத்துடன் 65 என்ற எண்ணுக்கு அர்த்தம் போய்விடும். சுவர் விளக்கானால் வயர் கீழிருந்து, சற்றுத் தொங்கி வளைந்து ஏறட்டும். அப்போது வயர் வழியே வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

எக்ஸாஸ்ட் ஃபேனை விளக்கின் சுவிட்சிலேயே சேர்த்துவிடுவது இன்னொரு தவறு. குளிருகிறது என்று நாம் வெளியே வந்ததும் இரண்டையும் அணைத்துவிடுவோம். ஆவி உள்ளேயே தங்கிவிடும். ஃபேனுக்குத் தனி சுவிட்ச் வையுங்கள். குளித்த பிறகும் கால் மணி நேரம் ஓடட்டும்.

விளக்குக்குள் நீர் புகாதிருந்தால் போதும், ஷாக் அடிக்காது என்று நினைக்க வேண்டாம். மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் கருவியான ஆர்.சி.சி.பி., அதிலும் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கானது, இல்லாமல் குளியலறைக்கு மின்சாரம் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை. எர்த்தும் சரியாக இருக்க வேண்டும். இருந்தால் விளக்கின் உலோக உடலில் கசிவு ஏற்பட்டதுமே மின்சாரம் துண்டிக்கப்படும். இல்லாவிட்டால் நாம் தொடும்வரை அது காத்திருக்கும். பாறை நிலத்தில் நல்ல எர்த் எளிதில் கிடைக்காது. ஆகவே எலக்ட்ரீஷியனை அளந்து காட்டச் சொல்லுங்கள்.

இனி அழகு. கூரை நடுவில் ஒற்றை விளக்கு போட்டால் கண்ணுக்கும் மூக்குக்கும் கீழே நிழல் விழும். சவரம் செய்யும்போது கன்னத்தில் கீறல்தான் மிச்சம். கண்ணாடியின் இரு பக்கமும் முக உயரத்தில் விளக்கு வைப்பதே சரி. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் கணக்கில் சொல்வார்கள்; எண் கூடக்கூட மஞ்சள் குறைந்து நீலம் கலந்த வெள்ளையாகும். வெளிச்சம் பளிச்சென்று வேண்டும் என்று 6500 கெல்வின் வெள்ளையை வாங்காதீர்கள். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி சாம்பலாக நிற்கும் காலையில் அந்த வெள்ளை முகத்தை நோயாளியாக்கிக் காட்டும். 3000 கெல்வின் இதமாக இருக்கும்; முகம் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் 4000 வரை போகலாம்.

இரவில் எழும் பெரியவர்களுக்குத் தரையோரம் ஒரு சிறு சென்சார் விளக்கு நல்லது. ஆனால் அதையே ஒரே விளக்காக வைத்துவிடாதீர்கள். உடல் வெப்பத்தை உணரும் சென்சார் ஷவரைச் சுற்றியுள்ள கண்ணாடித் தடுப்பைத் தாண்டிப் பார்க்காது. உள்ளே யாருமில்லை என்று முடிவு செய்து, கண்ணில் சோப்பு இருக்கும் நேரத்தில் அணைந்துவிடும்.