பெரிய பொழுதுபோக்கு நிறுவனத்தில் ஊழியர்களின் மனம் தளரும்போது ஒரு துறைத் தலைவர் செய்ய வேண்டியவை

ஊழியர்கள் சோர்ந்துவிட்டார்கள் என்ற பேச்சு எழுந்ததும் பெரும்பாலான நிர்வாகங்கள் விருந்துக்கும் விளையாட்டு நாளுக்கும் ஏற்பாடு செய்கின்றன. அதற்கு முன், கடந்த இரண்டு ஆண்டுகளில் மேலிடம் எடுத்த பெரிய முடிவுகளை ஒரு தாளில் தேதிவாரியாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதனால் பாதிக்கப்பட்டவர்கள் அதை யார் வாயிலாக முதலில் அறிந்தார்கள் என்றும், அவர்களிடம் முன்கூட்டியே கருத்துக் கேட்கப்பட்டதா என்றும் குறியுங்கள். சோர்வு எங்கே தொடங்கியது என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

வால்ட் டிஸ்னி நிறுவனத்தில் பாப் சாப்பெக் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த காலத்துக்கு இப்படியொரு தாளை எழுதிப் பார்க்கலாம். அவர் 2020 பிப்ரவரியில் பொறுப்பேற்ற சில வாரங்களிலேயே கொரோனாவால் பூங்காக்கள் மூடப்பட்டன. செப்டம்பரில் அமெரிக்காவில் 28,000 பேருக்கு வேலை போகும் என்று அறிவிக்கப்பட்டது. அதை அவர் ஒருவர் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமாகாது. அதன் பிறகு வந்தவற்றைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும்.

2020 அக்டோபரில் படைப்புப் பிரிவுகளிடமிருந்து விநியோகமும் வரவு செலவுப் பொறுப்பும் பிரிக்கப்பட்டு, கரீம் டேனியல் தலைமையிலான ஒரே பிரிவிடம் தரப்பட்டன. படத்தையோ தொடரையோ உருவாக்குபவர் ஒருவர், அது திரையரங்குக்குப் போகுமா இணையத்துக்குப் போகுமா என்று தீர்மானிப்பவர் வேறொருவர் என்று ஆனது. பொறுப்பு இருந்தும் அதிகாரம் இல்லாத நிலை மனிதரை வேலைப்பளுவைவிட வேகமாகக் களைப்படையச் செய்யும் என்பது என் உறுதியான கருத்து. சாப்பெக்குக்கு முன் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த பாப் ஐகர் 2022 நவம்பரில் அதே பதவிக்குத் திரும்பி வந்ததும் முதலில் கைவைத்தது இந்த அமைப்பில்தான்.

உங்கள் துறையில் இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. குழுவில் உள்ள ஒவ்வொருவரையும் தனியே அழைத்து, அரை மணி நேரம் ஒதுக்கி, "சென்ற மாதம் நீங்கள் எடுத்த முடிவுகளில் எது பிறகு மாற்றப்பட்டது, அதை யார் மாற்றினார்கள், உங்களுக்கு அது எப்படித் தெரியவந்தது?" என்று கேளுங்கள். பதிலை அவர் கண்முன்னே குறித்துக்கொள்ளுங்கள்; இடையே நியாயம் கற்பிக்க வேண்டாம். வண்ணத்திருத்தம் செய்பவர், தான் மூன்று வாரம் உழைத்த காட்சி நீக்கப்பட்டதை வெளியான முன்னோட்டத்தைப் பார்த்துத்தான் அறிந்தேன் என்று சொன்னால், அவருக்குச் சம்பள உயர்வைவிட அந்தத் தகவலை முன்னரே சொல்லும் ஏற்பாடுதான் முதலில் தேவை. பிறகு, யாரையும் கேட்காமல் அந்தக் குழுவே எடுக்கக்கூடிய முடிவுகள் எவை, எவ்வளவு தொகை வரை செலவிடலாம் என்பதை எழுத்தில் கொடுங்கள்.

இடமாற்றம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். கலிபோர்னியாவிலிருந்து ஏறத்தாழ 2,000 பணிகளை புளோரிடாவின் லேக் நோனாவுக்கு மாற்றும் திட்டத்தை டிஸ்னி 2021 ஜூலையில் அறிவித்து, 2023 மே மாதத்தில் கைவிட்டது. அதற்குள் சிலர் குடும்பத்தோடு குடிபெயர்ந்திருந்தார்கள். பிள்ளைகளின் பள்ளியும் துணைவரின் வேலையும் சம்பந்தப்பட்ட முடிவை, விருப்பம் கேட்டறியாமலும் திட்டம் கைவிடப்பட்டால் என்ன ஈடு என்று எழுதித் தராமலும் அறிவிக்கவே கூடாது.

மௌனத்துக்கும் விலை உண்டு. 2022 மார்ச்சில், பள்ளிகளில் பாலின அடையாளம் பற்றிய கற்பித்தலைக் கட்டுப்படுத்தும் புளோரிடா மசோதாவைப் பற்றி நிறுவனம் வெளிப்படையாகப் பேசாதது ஊழியர்களைப் புண்படுத்தியது. சாப்பெக் மார்ச் 11 அன்று மன்னிப்புக் கேட்டார். ஆயினும் மார்ச் 22 அன்று ஊழியர்கள் பணியை விட்டு வெளிநடப்புச் செய்தார்கள். ஆறிய கஞ்சி பழங்கஞ்சி என்பது மன்னிப்புக்கும் பொருந்தும். எனவே ஊழியரின் வாழ்க்கையைத் தொடும் எந்தச் செய்தியிலும், முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை என்றாலும், எந்தத் தேதியில் பதில் சொல்வோம் என்பதை அன்றே சொல்லிவிடுங்கள்.

ஆட்குறைப்பு தவிர்க்க முடியாததானால் தேதிகளை முன்பே சொல்லுங்கள். 2023இல் 7,000 பணிகளைக் குறைத்தபோது, அது மூன்று கட்டமாக நடக்கும் என்று ஐகர் மார்ச் மாதக் குறிப்பில் தெரிவித்தார். மறைக்காமல் சொன்னது சரியே. ஆனால் கோடை தொடங்கும் வரை அடுத்தது யார் என்று காத்திருப்பது கொடுமையானது என்பதால், முடிந்தவரை ஒரே கட்டத்தில் முடிப்பதையே நான் பரிந்துரைப்பேன். வேலை இழப்பவருக்கு அவருடைய நேரடி மேலாளரே எதிரில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். மீதமிருப்பவர்களை அன்றே கூட்டி, போனவர்களின் வேலையில் எது நிறுத்தப்படும், எது யாரிடம் வரும் என்று விளக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பாரம் சொல்லாமலேயே அவர்கள் தோளில் இறங்கும்.

மூன்று மாதம் கழித்து முதல் தாளை மீண்டும் எடுத்து, இடைப்பட்ட முடிவுகளை அதே முறையில் எழுதி, இம்முறை உங்கள் குழுவிடமே கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள்.