தில்லியிலிருந்து ஸ்ரீநகர் சென்று, கார்கிலுக்குச் சாலைவழிப் பயணம்: செய்ய வேண்டியவை

தில்லித் தமிழர்களில் பலர் லடாக் செல்லும்போது லே நகரில் நேரே விமானத்தில் இறங்கிவிடுகிறார்கள். ஸ்ரீநகர் வரை மட்டும் பறந்து, அங்கு வாடகைக் கார் அமர்த்திக்கொண்டு, சோனமார்க், ஜோஜிலா கணவாய், திராஸ் வழியாகக் கார்கிலுக்குப் போவதையே நான் பரிந்துரைப்பேன். 1999 கார்கில் போரில் பாகிஸ்தானிலிருந்து ஊடுருவியவர்களின் முக்கிய நோக்கங்களுள் ஒன்று, லேவுக்குச் செல்லும் இந்தச் சாலையைத் துண்டிப்பதுதான்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை ஏற்ற காலம். வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் அங்கு இயங்காது என்பதால் குழுவில் ஒருவரிடமேனும் போஸ்ட்பெய்ட் எண் இருக்கட்டும். உயரம் உடலுக்குப் பழக, முதல் இரவைச் சோனமார்க்கில் கழியுங்கள். ஜோஜிலாவில் வாகனங்களை நேரம் பிரித்தே அனுப்புவார்கள். போக்குவரத்துக் காவல்துறையின் அறிவிப்பை முந்தைய நாளே பார்த்துவிட்டு விடியற்காலையில் புறப்படுங்கள். 3,528 மீட்டர் உயரமுள்ள இந்தக் கணவாயில்தான் 1948 நவம்பரில், பாகிஸ்தானுடனான முதல் போரின்போது, இந்திய ராணுவம் டாங்கிகளை ஏற்றி, எதிர்த்தரப்பைத் திகைக்க வைத்தது.

கணவாயைக் கடந்தபின் காரின் இடப்பக்கம் அமருங்கள். திராஸை நெருங்கும்போது அந்தப் பக்கத்தில்தான் டைகர் ஹில், தோலோலிங் ஆகிய மலைகள் தெரியும். 1999-இல் அந்த முகடுகளைப் பிடித்திருந்த ஊடுருவல்காரர்கள் பார்த்துச் சொல்ல, எல்லைக்கோட்டுக்கு அப்பாலிருந்து பீரங்கிக் குண்டுகள் இச்சாலையில் விழுந்தன. மறைவிடமே இல்லாத அந்த மொட்டைச் சரிவுகளில் நம் வீரர்கள் பெரும்பாலும் இரவிலேயே ஏறினார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால், ஜூன் 13-இல் தோலோலிங்கும் ஜூலை 4-இல் டைகர் ஹில்லும் மீட்கப்பட்டது எத்தகைய செயல் என்பது விளங்கும்.

தோலோலிங்கின் அடிவாரத்திலுள்ள போர் நினைவகத்துக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். அவசரமாகப் படம் எடுத்துக்கொண்டு கிளம்புவது அந்த இடத்துக்குச் செய்யும் அவமரியாதை. இளஞ்சிவப்பு மணற்கல்லால் எழுப்பிய அந்த வளாகத்தின் பெயர்ச் சுவரில், படாலிக் பகுதியில் மே 29 அன்று வீழ்ந்த திருச்சி மேஜர் சரவணனின் பெயரைப் பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள். அவருக்கு வீர சக்ரா விருது வழங்கப்பட்டது.

ராணுவ முகாம்களையும் பாலங்களையும் படமெடுக்காதீர்கள். சாலையை விட்டு இறங்கி நடக்கையில் தரையில் கிடக்கும் எந்த உலோகத் துண்டையும் தொடாதீர்கள். வெடிக்காத பழைய குண்டுகள் இன்றும் அகப்படுகின்றன. திராஸிலிருந்து கார்கில் ஏறத்தாழ 60 கி.மீ.; அன்றிரவு அங்கேயே தங்கிவிட்டு, 4,108 மீட்டர் உயர ஃபோதுலா கணவாயைத் தாண்டி லே செல்லும் பாதையை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.