காரணம் தெரியாத காய்ச்சல்: டாக்டரிடம் போகும் முன் வீட்டில் செய்ய வேண்டியவை

மூன்று டாக்டர்கள் பார்த்தாயிற்று. ரத்தம் இரண்டு முறை எடுத்தாயிற்று. ரிப்போர்ட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் சாயங்காலம் ஆனால் பிள்ளை உடம்பு கொதிக்கிறது. காலையில் ஓ.பி. வரிசையில் உட்காரும்போது அதே பிள்ளை பெஞ்சின் மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருக்கிறது. டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, 'இப்ப ஜுரமே இல்லையேம்மா' என்கிறார்.

டாக்டருக்குக் கிடைப்பது பத்து நிமிடம். மிச்ச நேரம் முழுக்கப் பிள்ளை உங்கள் கண்ணெதிரே இருக்கிறது. நீண்ட நாள் பிடிபடாத காய்ச்சல்களில் பெரும்பாலானவை கடைசியில் அபூர்வ வியாதியாக இருப்பதில்லை; சாதாரண வியாதி வழக்கத்துக்கு மாறான வேஷத்தில் வந்திருக்கும். அந்த வேஷம் கலைவது பெரும்பாலும் வீட்டில் யாரோ கவனித்துக் குறித்து வைத்த ஒரு விஷயத்தால். வியாதிக்குப் பேர் வைப்பது உங்கள் வேலை இல்லை. கண்டதைக் கண்டபடி எழுதி வைப்பதுதான் உங்கள் வேலை.

முதலில், நோட்டை மூடிவிட்டு ஓட வேண்டிய நேரங்கள்

மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 100.4 டிகிரி வந்தால் வேறு அறிகுறிக்குக் காத்திருக்கக்கூடாது, அப்போதே ஆஸ்பத்திரி. எந்த வயதிலும் மூச்சு வாங்கி விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுத்தால், எதையும் குடிக்காமல் எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றால், கழுத்தைக் குனிய முடியவில்லை என்றால், கூப்பிட்டால் சரியாகக் கண் திறக்கவில்லை என்றால் தாமதம் வேண்டாம். தோலில் செந்நிற, ஊதாப் புள்ளிகள் தெரிந்தால் ஒரு கண்ணாடி டம்ளரை அதன் மேல் அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் மறையாவிட்டால் 108.

டெங்கு காலத்தில் இன்னொன்று. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும்போது நிம்மதியாகிவிடக்கூடாது. ஆபத்தான கட்டம் அப்போதுதான் தொடங்குகிறது. காய்ச்சல் விட்டபின் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிட்டுச் சுருண்டு படுத்தல் என்று எது தெரிந்தாலும் இரவானாலும் கிளம்புங்கள்.

வலிப்பு வந்தால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் ஸ்பூன், விரல், தண்ணீர் எதுவும் வேண்டாம். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் வலிப்பு நிற்காது. கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் 108. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை காய்ச்சலோடு வரும் வலிப்பு பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் தானாக நின்றுவிடும். தானாக நின்றாலும், அது முதல் முறை என்றால் அன்றே டாக்டர் பார்க்க வேண்டும்.

தெர்மாமீட்டர்

'தொட்டுப் பார்த்தேன், நல்லா சுட்டுச்சு' என்பதை வைத்து டாக்டரால் ஒன்றும் செய்ய முடியாது. டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று போதும், நெற்றிக்கு நேரே காட்டும் துப்பாக்கி வகை வேண்டாம். அக்குள் வியர்வையைத் துடைத்து, முனை அக்குளின் நடுவில் தோலோடு ஒட்டும்படி வைத்து, கையை மார்போடு சேர்த்துப் பிடியுங்கள். பீப் வரும்வரை எடுக்கக்கூடாது. சட்டைத் துணி இடையில் சிக்கினால் அளவு குறைந்து காட்டும். குளித்த உடனேயும், போர்வைக்குள்ளிருந்து எழுந்த உடனேயும் எடுத்தால் தவறு வரும். இருபது நிமிடம் விடுங்கள். அக்குள் அளவு உள்ளுடம்புச் சூட்டைவிட ஏறக்குறைய ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் குறைவாக இருக்கும். அதை நீங்களே கூட்டிக்கொள்ளாமல், 'அக்குளில் 101.2' என்று எழுதினால் போதும்.

காலை 6, பகல் 12, மாலை 6, இரவு 10 என நான்கு நேரம். இடையில் சுட்டால் கூடுதலாக ஒரு முறை. மருந்து கொடுப்பதற்கு முன்னால் எடுப்பதுதான் கணக்கு.

நோட்டில் ஒரு நாள்

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். 12 கிலோ எடையுள்ள பிள்ளையின் ஒரு நாள் பதிவு இப்படி இருக்கலாம்:

'செவ்வாய், 3ஆம் நாள். காலை 6: 98.8, விளையாட்டு. மாலை 5.40: 103.1, கை கால் சில்லென்று, நடுக்கம். 5.45: பாராசிட்டமால் 250 சிரப், மூன்றரை மில்லி. 6.50: 100.2, எழுந்து உட்கார்ந்து இரண்டு இட்லி. தொடையிலும் வயிற்றிலும் இளஞ்சிவப்புத் தடிப்பு, போட்டோ இருக்கிறது. இரவு 10: 98.9, தடிப்பு இல்லை. சளி, இருமல் இல்லை. வீட்டில் வேறு யாருக்கும் இல்லை.'

தினமும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கும் காய்ச்சலும், அதோடு வந்து அதோடு மறையும் தடிப்பும் மூட்டுவாதத்தின் ஒரு வகைக்கு முக்கியமான தடயம். காலை ஓ.பி.யில் இரண்டுமே இருக்காது. மாநிறத் தோலில் இந்தத் தடிப்பு லேசாகத்தான் தெரியும், டியூப்லைட் வெளிச்சத்தில் தெரியாமலே போகலாம். ஜன்னல் பக்கம் கூட்டிப்போய் ஃபிளாஷ் இல்லாமல் போட்டோ எடுங்கள். காலையில் எழுந்ததும் நடையில் விறைப்போ நொண்டலோ இருந்தால் வீடியோ எடுங்கள்.

நோட்டில் எழுதக்கூடாதது உங்கள் முடிவு. 'பல் முளைப்பதால் ஜுரம்', 'வெயிலில் விளையாடியதால்', 'ஐஸ்க்ரீம் சாப்பிட்டதால்' என்று எழுதிவிட்டால், அடுத்த வாரம் நீங்களே அதை நம்ப ஆரம்பித்துவிடுவீர்கள்.

தலை முதல் கால் வரை ஒரு சோதனை

காய்ச்சல் ஐந்தாம் நாளைத் தொட்டால் நல்ல வெளிச்சத்தில் உடையை முழுக்கக் கழற்றிப் பாருங்கள். காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள், அக்குள், தொடை இடுக்கு, ஆண் குழந்தையானால் விதைப்பைக்கு அடியில், பிட்டத்து மடிப்பு, அரைஞாண் கயிற்றுக்குக் கீழே. நீங்கள் தேடுவது சிகரெட் சுட்டதுபோல் கறுப்புப் பொருக்கும் சுற்றிலும் சிவந்த விளிம்பும் உள்ள ஒரு சின்னப் புண். வலிக்காது, அரிக்காது, அதனால் பிள்ளை சொல்லாது. ஈரமான மடிப்பில் பொருக்கு உதிர்ந்து வெளிர்ந்த குழியாகவும் இருக்கலாம். ஸ்க்ரப் டைஃபஸ் என்ற காய்ச்சலைப் பரப்பும் நுண்ணிய உண்ணிப்பூச்சியின் இளம்புழு கடித்த இடம் அது. தமிழ்நாட்டில் மழையும் குளிரும் உள்ள மாதங்களில் அதிகம். பாக்டீரியா நோய்தான், ஆனாலும் வழக்கமாகக் கொடுக்கும் அமாக்ஸிசிலின் போன்ற மருந்துகளுக்கு அடங்காது. டாக்ஸிசைக்ளினுக்கோ அஸித்ரோமைசினுக்கோ நன்றாகக் கேட்கும். ஒரு வார அலைச்சலை அந்தப் பொருக்கு மிச்சப்படுத்திவிடும்.

அதே சோதனையில் கண், உதடு, நாக்கு, உள்ளங்கையையும் பாருங்கள். பீளை இல்லாமல் இரு கண்ணும் சிவந்து, உதடு வெடித்து, நாக்கு செக்கச்சிவந்து முத்துமுத்தாக, கை கால் வீங்கி, கழுத்தில் நெறி கட்டியிருந்தால் அது ரத்தக்குழாய்களைத் தாக்கும் கவாசாகி நோயாக இருக்கலாம். கையில் பி.சி.ஜி. தடுப்பூசி போட்ட தழும்பு திடீரென்று சிவப்பதும் அதற்கு ஒரு அடையாளம். இவை எல்லாம் ஒரே நாளில் சேர்ந்து இருக்காது. திங்கள்கிழமை கண் சிவந்து புதன்கிழமை தெளிந்திருக்கும். நோட்டும் போட்டோவும் அதைச் சேர்த்துக் காட்டும். இதயத்தின் ரத்தக்குழாயைக் காப்பாற்ற, காய்ச்சல் தொடங்கிய 10 நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தை ஏற்ற வேண்டும். அதனால் ஐந்தாம் நாளே குழந்தை மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

மருந்து

பாராசிட்டமால் வயதுக்குக் கணக்கு இல்லை, எடைக்குத்தான்: கிலோவுக்கு 15 மில்லிகிராம். இரண்டு வேளைக்கு நடுவே ஆறு மணி நேரம், ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். தவறு நடப்பது பாட்டிலில். 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம் உள்ள சிரப் உண்டு, 250 உள்ளதும் உண்டு. சொட்டு மருந்தில் ஒரே மில்லியில் 100 இருக்கும். 12 கிலோ பிள்ளைக்கு 180 மில்லிகிராம் என்றால் 125 சிரப்பில் ஏழு மில்லி, 250 சிரப்பில் மூன்றரை, சொட்டு மருந்தில் 1.8. 'வழக்கமா அஞ்சு மில்லி' என்று பாட்டில் மாறியது தெரியாமல் ஊற்றினால் ஒன்று போதாது, இல்லை அதிகமாகும். சமையலறை ஸ்பூன் கூடாது, அளவு போட்ட மூடி அல்லது ஊசியில்லாத சிரிஞ்சு. சளி சிரப்பிலும், 'காம்போ' காய்ச்சல் சிரப்பிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். லேபிளைப் படிக்காமல் இரண்டையும் கொடுத்தால் இரட்டை அளவு. டெங்கு இல்லை என்று தெரியும்வரை ஐபுப்ரூஃபன், மெஃபனமிக் ஆசிட் இரண்டும் வேண்டாம். ஆஸ்பிரின், டாக்டர் சொல்லாமல் குழந்தைக்கு எப்போதும் வேண்டாம். ஈரத்துணியால் ஒத்தித் துடைப்பதானால் வெதுவெதுப்பான தண்ணீர். ஐஸ் தண்ணீர் நடுக்கத்தைத்தான் கூட்டும்.

உரைமருந்து, கஷாயம், தொக்கம் எடுத்தது, மந்திரித்தது எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். திட்டுவார் என்று மறைத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

பரிசோதனையில் சறுக்கும் இடங்கள்

இரண்டு வயதுக்குள் சளி, இருமல் இல்லாமல் காய்ச்சல் என்றால் முதலில் சிறுநீரைச் சந்தேகிக்க வேண்டும். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே கல்ச்சருக்கு, அதாவது கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைக்குக் கொடுங்கள். நடுவில் வரும் சிறுநீரைச் சுத்தமான லேப் டப்பியில் பிடித்து ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும், முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில். ஒட்டும் பையில் பிடித்தால் தோலில் இருக்கும் கிருமியும் சேர்ந்து வரும். ரத்தக் கல்ச்சரும் ஆன்டிபயாடிக்குக்கு முன்தான்.

வைடால் என்ற ரத்தப் பரிசோதனையை ஒரு முறை எடுத்து 'பாசிட்டிவ்' என்று டைஃபாய்டு மருந்து தொடங்குவது நம் ஊரில் சகஜம், நம்பகமானது இல்லை. டெங்குவுக்கு முதல் ஐந்து நாள் என்.எஸ்.1 என்ற ரத்தப் பரிசோதனை, அதற்குப் பிறகு ஐ.ஜி.எம். காசநோய்க்காகத் தோலில் போடும் மாண்டூ ஊசியை 48 முதல் 72 மணி நேரத்துக்குள் காட்ட வேண்டும். அளப்பது சிவப்பை இல்லை, தடிப்பை. வீட்டில் தாத்தாவுக்கோ பக்கத்து வீட்டுக்காரருக்கோ மாதக்கணக்கில் இருமல் என்றால் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

கவனிக்காமல் விடுபடுவது கல்ச்சரின் இறுதி ரிப்போர்ட். 48 மணி நேரத்தில் 'வளர்ச்சி இல்லை' என்று ஒரு தாள் வரும், கடைசித் தாள் ஐந்தாம் நாள். அதற்குள் பிள்ளை டிஸ்சார்ஜ் ஆகியிருக்கும். லேப் எண்ணை எழுதி வைத்து ஐந்தாம் நாள் நீங்களே போய் வாங்குங்கள்.

ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் இருப்பதெல்லாம் வியாதி இல்லை. பல லேப்கள் பெரியவர்களின் அளவையே அச்சிடுகின்றன. எலும்பு வளரும் வயதில் அல்கலைன் பாஸ்பட்டேஸ் கூடுதலாகத்தான் இருக்கும்.

ஃபைலின் முதல் பக்கத்தில் ஒரே தாளில்: பிறந்த தேதி, எடை மாதாமாதம், தடுப்பூசி, ஒவ்வொரு காய்ச்சலின் முதல் நாள், கடைசி நாள், கொடுத்த ஆன்டிபயாடிக்கின் பெயர், எந்த நாளில் தொடங்கியது. இரண்டு நாளுக்கு ஒரு டாக்டர் என்று மாற்றினால் ஒவ்வொருவரும் பார்ப்பது முதல் நாளைத்தான். ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள், இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் அவரிடம் சொல்லிவிட்டே போகலாம். 'ஒன்றும் இல்லை' என்று சொல்லும் டாக்டரிடம் கேட்க வேண்டியது, 'எதெல்லாம் இல்லை என்று தெரிந்துவிட்டது? எது வந்தால் திரும்ப வரணும்?'

மாதாமாதம் வரும் காய்ச்சல்

பள்ளிக்குப் புதிதாகப் போகும் பிள்ளைக்கு ஆண்டில் ஆறு முதல் எட்டு முறை வைரல் வருவது இயல்பு. அதில் மூக்கு ஒழுகும், வீட்டில் இன்னொருவருக்கும் ஒட்டும், தேதி முன்பின் ஆகும். இன்னொரு வகை நாள்காட்டி பார்த்து வரும்: மூன்று முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை, நாலைந்து நாள், தொண்டை சிவந்து, வாய்ப்புண்ணோடு, கழுத்தில் நெறி கட்டி. இடையில் பிள்ளை முழு ஆரோக்கியம், எடையும் ஏறும். 1987இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட பி.எஃப்.ஏ.பி.ஏ. என்ற கோளாறு இது. தொற்று இல்லை, பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் தொடங்கும். இதில் ஒரு ஏமாற்று உண்டு. மூன்றாம் நாள் ஆன்டிபயாடிக் தொடங்குகிறார்கள், ஐந்தாம் நாள் காய்ச்சல் விடுகிறது, மருந்து கேட்டது என்று எல்லோரும் நம்புகிறார்கள். கொடுக்காவிட்டாலும் ஐந்தாம் நாள் விட்டிருக்கும். முதல் பக்கத் தாளில் நாலைந்து முறை வரிசையாகப் பார்த்தால்தான் இது தெரியும்.

சரியாக 21 நாளுக்கு ஒரு முறை வாய்ப்புண்ணும் காய்ச்சலும் வந்தால் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். வெள்ளணுக்களில் ஒரு வகை அவ்வப்போது குறைவதாலும் இப்படி வரும். ஒரு முறை எடுத்த ரத்தக் கணக்கில் அது அகப்படாது. ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை எடுத்துப் பார்ப்பார்கள்.

அடுத்த முறை வரக்கூடிய வாரத்தைக் காலண்டரில் வட்டமிட்டு, காய்ச்சலின் இரண்டாம் நாளில் சி.பி.சி.யும் (ரத்த அணுக்களின் கணக்கு) சி.ஆர்.பி.யும் (உடம்பில் அழற்சியைக் காட்டும் அளவு) எடுக்கச் சீட்டு முன்கூட்டியே வாங்கி வையுங்கள். பிள்ளை நன்றாக ஓடியாடும் நாளிலும் ஒரு முறை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். காய்ச்சலில் ஏறிய சி.ஆர்.பி. நல்ல நாளில் முழுக்க இறங்குகிறதா, இறங்காமல் நிற்கிறதா என்பது அந்த இரண்டாவது தாளில்தான் இருக்கிறது.