தண்ணீர் போகும் வழி: 1990 யூனோஸ் ரோட்ஸ்டரோடு ஒன்பது வருடம்

வண்டியை விற்ற பெரியவர் சாவியைக் கொடுக்கும் முன் வீட்டுக்குள் போய், காலி டீ பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தார். கூரைத்துணியைப் பாதி மடக்கினார். சீட்டுக்குப் பின்னால், சீட் பெல்ட் கம்பம் நிற்கும் மூலையில் பாட்டிலை மெதுவாகச் சாய்த்தார். பிறகு என்னைக் கையைப் பிடித்துக் கீழே உட்கார வைத்து, பின்சக்கரத்துக்கு முன்னால் வண்டியின் அடியைக் காட்டினார். நான்கைந்து விநாடியில் தண்ணீர் சொட்டி, ஓடி, தரையில் கோடாக இறங்கியது. மறுபக்கமும் அதே மாதிரி. "இது ஓடுகிற வரைக்கும் வண்டி உயிரோடு இருக்கும்" என்றார். எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த வண்டி மாஸ்டா நிறுவனத்தின் யூனோஸ் ரோட்ஸ்டர், துணிக்கூரையை மடக்கி ஓட்டும் இரண்டு சீட் கார், மரைனர் புளூ நிறம். வெளிநாடுகளில் எம்எக்ஸ்-5, மியாட்டா என்று தெரிந்திருக்கும். 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் காட்டினார்கள்; செப்டம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 1.6 லிட்டர் எஞ்சின், 120 குதிரைத்திறன், எடை 940 கிலோ. எண்களைப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஸ்கைலைன் ஜிடி-ஆர், ஆர்எக்ஸ்-7 போன்ற அதிவேக ஜப்பானிய வண்டிகளைத்தான் நானும் முதலில் கனவு கண்டேன். அவற்றின் விலை இன்று என் சம்பளத்துக்கு எட்டாது. எட்டினாலும், நின்ற இடத்தில் கையோடு பழுது பார்த்துப் பழகிக்கொள்ள முதல் வண்டியாக அவற்றைச் சொல்லமாட்டேன். ரோட்ஸ்டரில் டர்போ இல்லை, பானட்டைத் திறந்தால் கை நுழைய இடம் இருக்கிறது, உதிரிபாகம் இன்னும் கிடைக்கிறது. கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் வேலை கற்றவன் நான். இப்போது இங்கே ஜப்பானில், கனகாவாவில் வேலை. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த எவரும் இந்த வண்டியைத் தன் கையாலேயே பராமரிக்கலாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

எனவே பெரியவர் தொடங்கிய இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

கூரைத்துணியின் பின்விளிம்பில் இறங்கும் மழைநீர் ஒரு வாய்க்கால் வழியாக வந்து இரண்டு பக்க மூலைகளிலும் மூலைக்கொரு குழாயில் இறங்குகிறது. அந்தக் குழாயில் இலைச்சருகு, தூசி, துணியிலிருந்து உதிரும் நூல் எல்லாம் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். அடைத்தால் தண்ணீர் வழிந்து, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் இரும்புப் பெட்டிக்குள் போய்த் தேங்கும். அதைச் சில் என்பார்கள். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். உள்ளே வருடக்கணக்காக ஊறி, ஒரு நாள் பின்சக்கர வளைவுக்கு முன்னால் சின்னக் கொப்புளமாகத் தெரியும். அதைக் கொப்புளம் என்று நினைத்துச் சுரண்டினால் விரல் உள்ளே போகும். ரோட்ஸ்டர் வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். கூடவே ஒரு சின்னக் காந்தம் எடுத்துப் போங்கள். சுத்தத் துணியில் சுற்றி அந்த இடத்தில் வையுங்கள். ஒட்டாவிட்டால் உள்ளே பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள்.

குழாயைச் சுத்தம் செய்ய இரும்புக் கம்பி வேண்டாம், ஏர் கம்ப்ரஸரும் வேண்டாம். கம்பி குழாயைக் கிழிக்கும். காற்று குழாயை இருந்த இடத்திலிருந்து கழற்றிவிடும். பிறகு தண்ணீர் நேராகச் சில்லுக்குள்தான். புல் வெட்டும் மிஷினில் போடும் தடித்த நைலான் நரம்பு போதும். ஒரு மீட்டர் அளவுக்கு வெட்டி, நுனியை நெருப்பில் காட்டி உருட்டிக்கொள்ளுங்கள். மேலிருந்து மெதுவாகத் திருகிக்கொண்டே இறக்குங்கள். தட்டினால் தள்ளாதீர்கள், இழுத்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு, மறுபடி இறக்குங்கள். முதல் தடவை என் வண்டியில் இடதுபக்கம் கருப்புச் சேறு ஒரு கை அள்ளும் அளவுக்கு வந்தது. இப்போது வருடத்துக்கு மூன்று முறை செய்கிறேன்: பூ உதிரும் ஏப்ரல் கடைசி, மழைக்காலத்துக்கு முன் ஜூன் தொடக்கம், இலை உதிர்ந்து முடிந்த டிசம்பர். பிரேக் பிடிக்கும்போது காலுக்குப் பக்கத்தில் குடத்துத் தண்ணீர் தளும்புகிற சத்தம் கேட்டால் தேதி பார்க்காதீர்கள், அன்றைக்கே செய்யுங்கள்.

அடுத்தது எண்ணெய். பழைய வண்டியில் எண்ணெய் சொட்டினால் பயப்படுவது இயல்பு. ஆனால் எங்கிருந்து சொட்டுகிறது என்று தெரியாமல் செலவு செய்வது பெரிய தவறு. வாங்கிய இரண்டாம் வருடம் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் எண்ணெய் கசிந்து நின்றது. ஒரு பட்டறையில் காட்டினேன். கிராங்க் என்ற எஞ்சின் சுழல்தண்டின் பின் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்றார்கள். சொன்ன தொகை கேட்டு அன்றிரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பானட்டைத் திறந்து, பிரேக் கிளீனர் அடித்து எஞ்சினின் பின்பக்கத்தை முழுக்கத் துடைத்தேன். பதினைந்து நிமிடம் ஓடவிட்டு டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்துப் பார்த்தேன். எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டின் பின்பக்கம், எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவே இருக்கும் ஃபயர்வால் தகட்டை ஒட்டி கேம் ஆங்கிள் சென்சார் என்று ஒன்று சொருகியிருக்கும். அதன் கழுத்தில் தேன் நிறத்தில் ஒரு துளி திரண்டு நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நழுவி, கியர்பாக்ஸ் கூட்டின் மேல் இறங்கியது. பட்டறைக்காரர் கீழிருந்து பார்த்ததால் அவருக்குக் கடைசிச் சொட்டு மட்டும் தெரிந்திருக்கிறது.

அந்தச் சென்சாரின் கழுத்தில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம், ஓரிங், ஒன்று இருக்கிறது. முப்பது வருட வெப்பத்தில் கல்லாகிவிடும். என்னுடையதை நகத்தால் தொட்டதும் பிஸ்கட் போல உடைந்தது. புதியதற்கு ஆன செலவு ஒரு வேளை சாப்பாட்டுக் காசுகூட இல்லை. செய்யும் விதம் இதுதான். கழற்றும் முன் சென்சாரின் உடம்பிலும் ஹெட்டிலும் சேர்த்து ஒரு வெள்ளைக் கோடு போடுங்கள். அதைத் திருப்பினால் இக்னிஷன் டைமிங், அதாவது பொறி விழும் நேரம், மாறிவிடும். 12 மி.மீ. போல்ட்டைக் கழற்றி, வலதும் இடதும் லேசாக ஆட்டிக்கொண்டே இழுங்கள். புது ஓரிங்கில் எஞ்சின் ஆயில் தடவிச் சொருகி, கோட்டுக்குக் கோடு சேருங்கள். பிறகு எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, லைட், ஃபேன் எல்லாம் அணைத்து, பானட்டுக்குள் இருக்கும் டயக்னோசிஸ் பெட்டியில் டிஇஎன், ஜிஎன்டி என்று எழுதிய இரண்டையும் ஒரு துண்டு வயரால் இணைத்து, டைமிங் லைட் பிடித்துப் பாருங்கள். ஐடிலில் சுமார் 850 சுற்று, டைமிங் பிஸ்டனின் மேல்புள்ளிக்கு 10 டிகிரி முன். 14 வைத்தால் துடிப்பாக இருக்கும் என்று சிலர் வைக்கிறார்கள். நான் 10-லேயே விட்டிருக்கிறேன். வெயில் காலத்தில் மலையேறும்போது எஞ்சின் தட்டுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு ஓட்ட எனக்கு விருப்பமில்லை.

எஞ்சின் ஆயில் 10டபிள்யூ-30, ஃபில்டரோடு சேர்த்து மூன்றரை லிட்டர் பக்கம் பிடிக்கும். ஆறு மாதம் அல்லது 5,000 கி.மீ., எது முன்னால் வருகிறதோ அப்போது மாற்றுகிறேன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலே தையல் மிஷின் போல டிக் டிக் என்று சத்தம் வரும். வால்வுகளுக்கு மேல் இருக்கும் ஹைட்ராலிக் அட்ஜஸ்டருக்குள் ஆயில் ஏறும் வரைக்கும்தான் அது. சூடான பிறகும் நிற்காவிட்டால் ஆயில் பழசாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

வண்டிக்கு அடியில் போகிறவர்களுக்கு ஒன்று. முன்னால் குறுக்குச் சட்டத்தின் நடுவிலும் பின்னால் டிஃபரன்ஷியலிலும் ஜாக்கி கொடுக்கலாம். தூக்கியதும் ஸ்டாண்டு வைக்காமல் தலையை உள்ளே விடாதீர்கள். கழற்றிய சக்கரத்தையும் படுக்கவைத்து அடியில் தள்ளிவிடுங்கள். நான் ஒரு ஓரிங் மாற்றவும் இதைத் தவறவிடுவதில்லை.

ரேடியேட்டரின் மேல் தொட்டி பிளாஸ்டிக். புதிதில் கருப்பு. பழுக்கப் பழுக்கப் பழுப்பாகும். காய்ந்த பனையோலை நிறத்துக்கு வந்துவிட்டால் வெடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம், மாற்றிவிடுங்கள். டைமிங் பெல்ட் 1,00,000 கி.மீ.க்கு ஒருமுறை, தண்ணீர் பம்பைச் சுற்றுவது வெளியே இருக்கும் ஆல்டர்னேட்டர் பெல்ட்தான், ஆனால் பம்பைக் கழற்ற டைமிங் பெல்ட்டை எடுத்தாக வேண்டும், சேர்த்தே மாற்றுவது புத்திசாலித்தனம். பெல்ட் அறுந்தாலும் பிஸ்டனும் வால்வும் மோதாத எஞ்சின் என்பது ஆறுதல். ஆனால் மலைப்பாதை வளைவில் எஞ்சின் அணைந்தால் அந்த ஆறுதல் உதவாது. 1991 நடுப்பகுதிக்கு முந்தைய வண்டி என்றால் கிராங்க் புல்லியை எட்டிப் பாருங்கள். நான்கு பள்ளம் இருந்தால் கிராங்கின் மூக்கு குட்டை ரகம். போல்ட் தளர்ந்தால், புல்லியைக் கிராங்கோடு பூட்டும் சாவி என்ற சின்ன இரும்புத் துண்டு உட்காரும் பள்ளம் தேய்ந்து புல்லி தள்ளாட ஆரம்பிக்கும். எட்டுப் பள்ளம் இருந்தால் நீள மூக்கு, கவலை குறைவு. என்னுடையதில் நான்கு. பெல்ட் மாற்றியபோது புதுச் சாவி, புது போல்ட் போட்டு, டார்க் ரெஞ்ச் வைத்துச் சொன்ன அளவுக்கு முறுக்கினேன். அதன்பின் ஆயில் மாற்றும் போதெல்லாம் எஞ்சின் ஓடும்போது புல்லியை ஒரு நிமிடம் உற்றுப் பார்ப்பது வழக்கம்.

கிளட்ச் மிதி இலகுவாகி, முதல் கியர் முரண்டு பிடித்தால் கிளட்ச் தட்டைக் குறை சொல்லாதீர்கள். கியர்பாக்ஸின் வலதுபக்கம் இருக்கும், மிதியின் அழுத்தத்தைக் கிளட்சுக்குக் கொண்டுபோகும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் மூடியை விரலால் விலக்குங்கள். உள்ளே ஈரம் என்றால் அதுதான் காரணம். இந்த வண்டியில் அது தேய்பொருள் மாதிரி. நான் இரண்டு முறை மாற்றிவிட்டேன்.

கியர் லீவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வண்டியின் சந்தோஷத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது. லீவரின் அடியில், கியர்பாக்ஸ் எண்ணெயோடு சேராத தனிக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. அதில் சுமார் 80 மில்லி கியர் ஆயில் நிற்க வேண்டும். பல வண்டிகளில் வருடக்கணக்காக வறண்டு கிடக்கும். அதற்கு மேலே இருக்கும் சின்ன ரப்பர் உறையும் கிழிந்திருக்கும். கோடையில் தொடைப்பக்கம் அடுப்பு போலச் சூடு அடித்தால் அந்தக் கிழிசல்தான். குமிழைத் திருகிக் கழற்றி, நடுக் கன்சோலை எடுத்து, பெரிய உறை, சின்ன உறை இரண்டையும் விலக்கினால் லீவர் மேலே வந்துவிடும். கிண்ணத்தைத் துடைத்து, 75டபிள்யூ-90 ஊற்றி, லீவர் நுனியில் இருக்கும் நைலான் புஷ்ஷும் புது உறையும் போட்டு மூடினேன். இரண்டு மணி நேர வேலை. மாலையில் ஓட்டிப் பார்த்தபோது இரண்டிலிருந்து மூன்றுக்கு லீவர் மணிக்கட்டு அசைவிலேயே விழுந்தது. வெண்ணெயில் கத்தி இறங்குவது போல. அன்றைக்கு வீட்டுக்குத் திரும்ப மனமில்லாமல் ஓடவாரா கடற்கரை வரைக்கும் போய் வந்தேன்.

கூரைத்துணியின் பின் ஜன்னல் பிளாஸ்டிக். கூரையை இறக்கும் முன் ஜிப்பைத் திறந்து ஜன்னலைத் தட்டையாகப் படுக்கவைத்த பிறகே மடக்க வேண்டும். குளிரில் விறைத்த பிளாஸ்டிக்கை மடக்கினால் அப்பளம் மாதிரி முறியும். ஜனவரியில் கூரை இல்லாமல் ஓட்ட ஆசைப்பட்டால், முதலில் ஹீட்டர் போட்டு உள்ளே சூடாக்கி, ஜன்னல் நெகிழ்ந்ததும் இறக்குங்கள்.

டயர் 185/60ஆர்14, காற்று 26 பிஎஸ்ஐ. பெரிய சக்கரமும் அகல டயரும் போட வேண்டாம் என்பது என் கெட்டியான அபிப்பிராயம். இந்த வண்டி வேகத்துக்காக ஆனது இல்லை; ஸ்டியரிங்கில் சாலையின் சொரசொரப்பு விரலுக்கு வந்து சேர்வதற்காக ஆனது. ஜப்பானியர்கள் ஜின்பா இத்தாய் என்பார்கள்: குதிரையும் ஏறியவனும் ஓருடல். ஒட்டும் டயர் போட்டால் அந்தப் பேச்சு நின்றுவிடுகிறது. மாஸ்டா 2017 டிசம்பரில் இந்த முதல் தலைமுறை வண்டிகளைப் புதுப்பித்துத் தரும் சேவையைத் தொடங்கியபோது, பழைய பிரிட்ஜ்ஸ்டோன் எஸ்எஃப்325 டயரும் அதே அளவில் திரும்ப உற்பத்தியானது. கூரைத்துணி, நார்டி மர ஸ்டியரிங் போன்றவையும் மறுபடி கிடைத்தன. அந்த முழுச் சேவை எனக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் அதற்காக மறுபடி செய்யப்பட்ட பாகங்கள் என்னைப் போன்றவர்களின் கைக்கும் வருகின்றன. அதற்கு நன்றியோடு இருக்கிறேன்.

இங்கே வண்டிக்கு வயது 13 தாண்டினால் வருட வரி ஏறும், 1.6 லிட்டருக்கு 45,400 யென் கட்டுகிறேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஷாக்கென் என்ற தகுதிச் சோதனை. உரிமையாளரே போக்குவரத்து அலுவலகத்துக்கு ஓட்டிப்போய் வரிசையில் நிறுத்தலாம். பிரேக், ஹெட்லைட், புகை பார்த்த பிறகு அடியில் நின்று சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். எண்ணெய்க் கசிவும் கிழிந்த ரப்பர் உறைகளும் அங்கே மாட்டும். போவதற்கு இரண்டு வாரம் முன்பே அடியில் படுத்து எல்லா உறைகளையும் விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள்.

ஓட்டுவதற்கு எனக்குப் பிடித்தது ஞாயிறு விடியற்காலை. வீட்டிலிருந்து ஓடவாரா, அங்கிருந்து ஹகோனே டர்ன்பைக் என்ற மலைச்சாலை ஏறி டைகான்சான் மலை. முதல் பத்து நிமிடம் 3,000 சுற்றுக்கு மேல் போகமாட்டேன். சூடான பிறகு 6,000 வரை தாராளமாக விடுவேன். அந்த எஞ்சின் அதைக் கேட்கிறது. மேலே போனதும் உடனே அணைக்காமல் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு, இறங்கி, தெளிவான நாளாக இருந்தால் ஃபூஜியைப் பார்த்துக்கொண்டு ஒரு காப்பி. குளிர்காலத்தில் மலைச்சாலையில் பனிக்கட்டி உருகக் கால்சியம் குளோரைடு தூவுவார்கள். அதைவிடத் துரு பிடிக்க வைக்கும் பொருள் இல்லை. வெள்ளைப் பொடி தெரிந்தால் திரும்பிவிடுகிறேன். தவறிப்போய் ஓட்டிவிட்டால் அன்றைக்கே அடிப்பக்கத்தைத் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவுகிறேன். சக்கர வளைவின் உள்விளிம்பு, சில்லின் அடியில் இருக்கும் வடிகால் ஓட்டைகள், ஜாக்கி வைக்கும் மடிப்பு, இந்த மூன்றும் முக்கியம்.

கழுவி முடித்ததும் டிக்கியைத் திறந்து, வலதுபக்கம் இருக்கும் பேட்டரித் தட்டின் அடியில் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். பிறகு கூரையைப் பாதி மடக்கி, டீ பாட்டிலில் தண்ணீர் பிடித்து, இடது மூலையில் ஒன்று, வலது மூலையில் ஒன்று.