பாவித்த மடிக்கணினியில் லினக்ஸ் கர்னலின் ஒலித் தெரிவுகளை அமைப்பது எப்படி

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ அதைச் சூழவுள்ள கடைகளிலோ வாங்கிய பாவித்த மடிக்கணினியில் லினக்ஸை நிறுவி, இயக்குதளத்தின் மையப் பகுதியான கர்னலையும் மூலநிரலிலிருந்து தம் தேவைக்கேற்பத் தாமே தொகுத்துக்கொள்ள விரும்புவோருக்கு, திரையும் வைஃபையும் சரிவந்த பின்னரும் கடைசிவரை சண்டித்தனம் செய்வது பெரும்பாலும் ஒலிதான். வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தபடி இணையவழி வகுப்பு நடத்தும் ஆசிரியருக்கும், மிருதங்கத்தையோ வயலினையோ பதிவு செய்ய நினைப்பவருக்கும் ஒலியில்லாத கணினியால் பயனில்லை. கர்னலின் ஒலிப் பட்டியலில் நூற்றுக்கணக்கான தெரிவுகள் இருந்தாலும், ஒரு மடிக்கணினிக்கு உண்மையில் தேவைப்படுபவை மிகச் சிலவே. அவை எவை என்பதைப் பட்டியலைத் திறப்பதற்கு முன்னரே கணினியிடம் கேட்டு அறிந்துகொள்ளலாம்.

ஆகவே உபுண்டு, டெபியன் போன்ற வழங்கல் தந்த கர்னல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒலி நன்றாகக் கேட்கும் நிலையிலேயே வேலையைத் தொடங்குங்கள். எல்எஸ்பிசிஐ கட்டளையைச் சிறிய கே என்ற தெரிவுடன் இயக்கினால், ஒவ்வொரு சாதனத்தையும் எந்த ட்ரைவர் (சாதனத்தை இயக்கும் நிரல்) இயக்குகிறது என்பது தெரியும். ஓடியோ என்ற வரியின் கீழ் வரும் ட்ரைவரின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, ப்ரொக் அடைவின் அசவுண்ட் பகுதிக்குள் கார்ட்0, கார்ட்1 என்பன போன்ற அடைவுகளைத் திறந்து, கொடெக் என்று தொடங்கும் கோப்புகளைப் படியுங்கள். ஒன்றின் முதல் வரியில் ரியல்டெக் ஏஎல்சி257 என்பதுபோல ஒரு பெயர் இருக்கும். மற்றொன்றில் இன்டெல் அல்லது ஏஎம்டி எச்டிஎம்ஐ என்று காணப்படலாம். இந்தப் பெயர்கள்தான் பின்னர் செய்யவேண்டிய தெரிவுகளை முடிவுசெய்கின்றன.

இரண்டு பெயர்கள் ஏன் தேவை என்பதை விளங்கிக்கொண்டால் பிற்பாடு வரும் குழப்பங்களில் பெரும்பகுதி நீங்கிவிடும். முதலில் குறித்த ட்ரைவர் இயக்கும் கட்டுப்படுத்தி என்பது ஒலித் தரவை நினைவகத்திலிருந்து எடுத்துச் செல்லும் பகுதி. கொடெக் என்பது அந்த எண்களை மின்னழுத்தமாகவும், ஒலிவாங்கியிலிருந்து வரும் மின்னழுத்தத்தை எண்களாகவும் மாற்றும் சில்லு. ஒரே கொடெக்கை ஒவ்வொரு மடிக்கணினி நிறுவனமும் தன் விருப்பப்படி வெவ்வேறு கால்களில் இணைப்பதால், எந்தக் காலில் ஒலிபெருக்கி, எந்தக் காலில் ஹெட்போன் என்ற மாதிரிவாரியான திருத்தங்கள் கொடெக் ட்ரைவருக்குள் எழுதிவைக்கப்பட்டிருக்கின்றன. கட்டுப்படுத்தியை மட்டும் தெரிவுசெய்துவிட்டுக் கொடெக்கை விட்டுவிட்டால், கர்னல் பொதுவான ட்ரைவரைக்கொண்டு சமாளிக்க முயலும். ஒலி வந்தாலும் ஒலிவாங்கி வேலைசெய்யாமலோ, ஹெட்போனைச் செருகிய பின்னும் ஒலிபெருக்கி அணையாமலோ போகலாம். அரைகுறையாக வேலைசெய்வதால் இக்கோளாற்றைக் கண்டுபிடிப்பது முழு மௌனத்தைக் கண்டுபிடிப்பதை விடக் கடினம்.

மூலநிரலை முழு கிட் வரலாற்றோடு (பழைய மாற்றங்கள் அனைத்தின் பதிவோடு) இறக்கினால் பல ஜிகாபைட் டேட்டா செலவாகும். சுருக்கிய தனிக் கோப்பாக இறக்கினால் ஏறத்தாழ 140 மெகாபைட்டில் முடிந்துவிடும். கைபேசி டேட்டா பொதியில் வேலைசெய்பவர் இரண்டாவது வழியையே நாட வேண்டும். பின்னர் பூட் அடைவிலுள்ள நடப்பு அமைப்புக் கோப்பை மூலநிரல் அடைவுக்குள் பிரதிசெய்து, மேக் கட்டளையை லோக்கல்மொட்கொன்ஃபிக் என்ற இலக்குடன் இயக்கினால், அந்தக் கணத்தில் ஏற்றப்பட்டிருக்கும் மொடியூல்கள் (தேவைப்படும்போது கர்னலில் ஏற்றப்படும் தனித் துண்டுகள்) மட்டும் எஞ்ச, மற்றவை நீக்கப்படும். அந்தக் கணத்தில் என்பதைக் கவனிக்க வேண்டும்: யூஎஸ்பி ஒலிவாங்கி, மிடி கீபோர்ட் (கணினியோடு இணைக்கும் இசை விசைப்பலகை), எச்டிஎம்ஐ திரை என நீங்கள் எப்போதாவது பயன்படுத்தும் அனைத்தையும் இணைத்து, ஒருமுறை இயக்கிப் பார்த்துவிட்டே இக்கட்டளையைக் கொடுக்க வேண்டும். மேசை இழுப்பறைக்குள் கிடக்கும் ஒலிவாங்கியைக் கர்னல் அறியாது.

இப்போது தெரிவுப் பட்டியலைத் திறக்கும் மேக் மெனுகொன்ஃபிக் கட்டளையைக் கொடுத்து, டிவைஸ் ட்ரைவர்ஸ் பிரிவுக்குள் சவுண்ட் கார்ட் சப்போர்ட், அதற்குள் அட்வான்ஸ்ட் லினக்ஸ் சவுண்ட் ஆர்க்கிடெக்சர் என்ற வரிசையில் உள்ளே செல்லுங்கள். சுருக்கமாக அல்சா எனப்படும் இந்தக் கட்டமைப்பு 2002இல் 2.5 வளர்ச்சிக் கர்னலுக்குள் சேர்க்கப்பட்டு, 2003 டிசம்பரில் வெளிவந்த 2.6 பதிப்பு முதல் பழைய ஓஎஸ்எஸ் ஒலி முறையின் இடத்தைப் பிடித்தது. ஓஎஸ்எஸ் முறையைப் போலச் செய்யும் தெரிவுகள் இன்னும் பட்டியலில் இருந்தாலும், மிகப் பழைய செயலி எதையும் நீங்கள் ஓட்டவில்லையாயின் அவற்றை விட்டுவிடலாம்.

எச்டி ஓடியோ என்ற உட்பிரிவே பெரும்பாலான மடிக்கணினிகளுக்கு உயிர்நாடி. எச்டி ஓடியோ பிசிஐ என்ற கட்டுப்படுத்தித் தெரிவையும், நீங்கள் குறித்துவைத்த கொடெக்கையும், திரைவழி ஒலிக்கான எச்டிஎம்ஐ கொடெக்கையும் தெரிவுசெய்யுங்கள். அண்மைய பதிப்புகளில் ரியல்டெக் கொடெக்குகள் குடும்பம் குடும்பமாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், உங்கள் சில்லின் எண் அப்படியே பட்டியலில் இல்லாதிருக்கலாம். எடுத்துக்காட்டாக ஏஎல்சி257 என்பது ஏஎல்சி269 குடும்பத்தைச் சேர்ந்தது. இடம் தெரியாவிட்டால் சாய்கோட்டு விசையை அழுத்திப் பெயரைத் தேடலாம்.

இவற்றைக் கர்னலுக்குள்ளேயே பதிப்பதா, மொடியூலாக வைப்பதா என்ற கேள்விக்கு என் பதில் உறுதியானது: எல்லாவற்றையும் மொடியூலாகவே வையுங்கள். கட்டுப்படுத்தியை உள்ளே பதித்துவிட்டுக் கொடெக்கை மட்டும் மொடியூலாக விட்டால், கொடெக் ட்ரைவர் தானாக ஏறாது. பட்டியலே அவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வரியைக் காட்டும். அத்துடன், மொடியூலாக இருந்தால் அளவுருக்களை மாற்றிப் பார்க்க முழுக் கர்னலையும் மறுபடி தொகுக்க வேண்டியதில்லை.

திரையின் விளிம்பில் டிஜிட்டல் ஒலிவாங்கி பொருத்தப்பட்ட அண்மைக்கால இன்டெல் மடிக்கணினிகளுக்கு இது போதாது. அவற்றில் ஒலியைத் தனியொரு சிறு செயலி கையாளுகிறது. அதற்கான சவுண்ட் ஓப்பன் ஃபேர்ம்வெயார், சுருக்கமாக எஸ்ஓஎஃப், 2019இல் 5.2 பதிப்புடன் கர்னலுக்குள் வந்தது. அல்சா ஃபோர் எஸ்ஓசி ஓடியோ சப்போர்ட் என்ற பிரிவுக்குள் எஸ்ஓஎஃப் தெரிவையும், உங்கள் இன்டெல் தலைமுறைக்குரிய தெரிவையும், எச்டி ஓடியோ இணைப்புக்கான தெரிவுகளையும் சேர்க்க வேண்டும். அந்தச் செயலிக்குள் ஏற்றப்படும் நிரலான ஃபேர்ம்வெயார் கோப்புகள் கர்னல் மூலநிரலோடு வருவதில்லை. வழங்கலின் பொதியாகத் தனியே நிறுவப்பட வேண்டும். ட்ரைவரை உள்ளே பதித்தால் வன்தட்டு ஏற்றப்படுவதற்கு முன்பே அது கோப்பைத் தேடிப் பார்த்துக் கைவிட்டுவிடக்கூடும் என்பது, மொடியூலை வலியுறுத்துவதற்கு மற்றொரு காரணம்.

எஞ்சியவை சிறியவை. யூஎஸ்பி ஓடியோவை எப்படியும் சேர்த்துவிடுங்கள். மிடி கீபோர்ட் வைத்திருப்போர் சீக்குவென்சர், எச்ஆர் டைமர் என்ற தெரிவுகளையும் சேர்க்க வேண்டும். மின்சேமிப்புக்கான நொடி எண்ணிக்கையைப் பூச்சியமாக வைத்தால் கொடெக் இடையில் உறங்காது. பாட்டு நின்று மீளும்போதெல்லாம் ஒலிபெருக்கியில் டப்பென்று சத்தம் வருமாயின் முதலில் மாற்றவேண்டியது இதுவே.

தொகுப்பதற்கு முன் பொதுப் பிரிவிலுள்ள லோக்கல் வேர்ஷன் தெரிவில் ஒரு பின்னொட்டைக் கொடுங்கள். அதனால் புதிய மொடியூல்கள் தனி அடைவுக்குச் செல்லும், பழைய கர்னல் பத்திரமாக இருக்கும். இடையில் மின்சாரம் போய்க் கணினி அணைந்தாலும் அதே மேக் கட்டளையை மீண்டும் கொடுத்தால் எஞ்சிய வேலையே தொடரும். செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு முறை இயங்கும் கணினியில் கையொப்பமிடாத கர்னல் தொடங்காது என்பதையும் மறக்கலாகாது.

புதிய கர்னலில் நுழைந்ததும் அசவுண்ட் பகுதியிலுள்ள கார்ட்ஸ் கோப்பைப் படியுங்கள். அட்டை எதுவும் இல்லையென்று காட்டினால் கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் பதிவில் தேடுங்கள்: கொடெக் எதுவும் காணப்படவில்லை என்ற செய்தி கட்டுப்படுத்திக்குக் கொடெக்கிடமிருந்து மறுமொழியே கிடைக்கவில்லை என்பதைக் குறிக்கும், எஸ்ஓஎஃப் வரிகளில் கழித்தல் 2 என்ற பிழையெண் இருந்தால் ஃபேர்ம்வெயார் கோப்பு அங்கே இல்லை.

அட்டை இருந்தும் ஒலி கேட்காவிட்டால், கர்னலை மறுபடி தொகுக்கும் முன் ஒலியளவுகளைக் காட்டும் அல்சாமிக்சரைத் திறந்து பாருங்கள். புதிதாக அறியப்பட்ட அட்டையின் வழிகள் மூடப்பட்ட நிலையில் இருக்கலாம்; மாஸ்டர், ஸ்பீக்கர் தூண்களின் அடியில் இரண்டு எம் எழுத்துகள் தெரிந்தால் எம் விசையை அழுத்துங்கள், அவை இரண்டு பூச்சியங்களாக மாறும். எஃப்6 விசையால் எச்டிஎம்ஐ அட்டைக்கும் உள் ஒலி அட்டைக்கும் இடையில் மாறலாம். ஒலிவாங்கியின் பூஸ்ட் அளவை மட்டும் அளவோடு உயர்த்துங்கள். கரையோர ரயில் பாதைக்கு அண்மையில் வசிப்போரின் பதிவில் குரலுக்கு முன் ரயில்தான் கேட்கும். ஹெட்போன் செருகப்படாத போதும் செருகியிருப்பதாகவே கணினி நினைத்தால், கடற்காற்றின் உப்பால் துளையின் தொடுமுனை கறுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குக் கர்னலில் தெரிவு இல்லை. எல்லாம் சரிவந்ததும் அல்சாசிடிஎல் ஸ்டோர் கட்டளையால் அளவுகளைச் சேமித்துவிடுங்கள்.