மனநல வார்டில் பேசியதை எழுதிப் பார்ப்பது எப்படி? முதன்முறை ப்ராசஸ் ரெக்கார்டிங் எழுதும் நர்சிங் மாணவர்களுக்கு

சைக்யாட்ரி போஸ்டிங்கில், அதாவது மனநல வார்டில் பயிற்சி பெறும் நாட்களில், நோயாளியோடு பேசியதை, அவர் சொன்னது, நீங்கள் சொன்னது என்று வரிவரியாக எழுதி, பிறகு நீங்களே அலசிப் பார்ப்பதுதான் ப்ராசஸ் ரெக்கார்டிங். சென்னையில் படிக்கும் பலருக்கு இந்தப் போஸ்டிங் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் அமையும். 1794-இல் தொடங்கிய நிறுவனம் அது. ஆனால் சினிமாவில் கேட்ட கேலியும் அதனால் வந்த பயமும்தான் பலர் மனதில் முதலில் நிற்கும். அந்தப் பயத்தை மறைக்க வேண்டாம். ரெக்கார்டில் அதை எழுதவும் ஓர் இடம் இருக்கிறது.

படி 1: பேசுவதற்கு முன்

யாரோடு பேசலாம் என்று வார்டு சிஸ்டரிடம் கேளுங்கள். கேஸ் ஷீட்டைப் படியுங்கள். அன்றைக்கு ஒரே ஒரு சின்ன நோக்கம் போதும். முதல் நாளில் அறிமுகமாவதே பெரிய வேலை. மற்ற சிஸ்டர்கள் கண்ணில் படுகிற, ஆனால் பேச்சு அவர்கள் காதில் விழாத இடமாகப் பார்த்து, சற்றுப் பக்கவாட்டில் உட்காருங்கள்.

"அம்மா, நான் நர்சிங் படிக்கிறேன். ரெண்டு வாரம் இந்த வார்டுல இருப்பேன். தினமும் கொஞ்ச நேரம் உங்களோட பேசலாமா? பேசினதைப் படிப்புக்காக எழுதுவேன், உங்க பேர் போட மாட்டேன். எங்க மேடம் படிப்பாங்க." வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள்.

போனில் ரெக்கார்ட் செய்யாதீர்கள், போட்டோவும் எடுக்காதீர்கள். நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைத்திருப்பது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அவருக்குத் தந்த உரிமை. அதே சமயம், "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். உயிரை மாய்த்துக்கொள்வது பற்றியோ பிறரைத் தாக்குவது பற்றியோ அவர் பேசினால், உடனே வார்டு சிஸ்டரிடமோ டாக்டரிடமோ சொல்லியாக வேண்டும்.

படி 2: பேச்சு முடிந்ததும் எழுதுங்கள்

அவர் எதிரில் நோட்டை விரிக்காதீர்கள். முடிந்த கையோடு, மதியச் சாப்பாட்டுக்குப் போகும் முன்பே எழுதிவிடுங்கள். தோழிகளோடு பேச ஆரம்பித்தால் பாதி மறந்துவிடும். பஸ்ஸில் எழுதினால் பக்கத்து சீட்டில் இருப்பவர் படித்துவிடுவார். ரெக்கார்டை ஆங்கிலத்தில் கொடுக்க வேண்டியிருந்தாலும், முதல் பிரதியை அவர் பேசிய தமிழிலேயே எழுதுங்கள். உங்கள் பதில் அசட்டுத்தனமாக இருந்தால் அதுவும் அப்படியே இருக்கட்டும். பின்னால் அழகுபடுத்திய பதிலை வைத்துக்கொண்டு எதையும் கற்க முடியாது.

படி 3: நான்கு கட்டம்

தாளை நான்கு கட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: அவர் சொன்னதும் செய்ததும், நீங்கள் சொன்னதும் செய்ததும், அப்போது உங்கள் மனதில் ஓடியது, அலசல். பலரும் மூன்றாவதைக் காலியாக விடுகிறார்கள், இல்லையென்றால் "பரிவு ஏற்பட்டது" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் ரெக்கார்டின் உயிரே அந்தக் கட்டம்தான். கற்பனையாக ஓர் உதாரணம் பார்ப்போம்.

அவர்: "ஞாயித்துக்கிழமை என் பையன் வந்து கூட்டிட்டுப் போயிடுவான்." (முந்தானை நுனியில் நூலைப் பிரித்துக்கொண்டே இருக்கிறார். என் முகத்தைப் பார்க்கவில்லை.)
நான்: "கவலைப்படாதீங்கம்மா, கண்டிப்பா வருவார்."
என் மனதில்: பல மாதமாக யாரும் வரவில்லை என்று கேஸ் ஷீட்டில் பார்த்தேன். அழுகை வந்தது. பேச்சை மாற்றினால் போதும் என்றிருந்தது.
அவர்: (சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.)

மூன்றாவது வரி இல்லாவிட்டால் அந்தப் பதில் அன்பாகத்தான் தெரியும். அது இருப்பதால்தான் ஆறுதல் யாருக்குத் தேவைப்பட்டது என்று புரிகிறது. அலசலில் இப்படி எழுதலாம்: "இது பொய்யான ஆறுதல். வருவார் என்று எனக்குத் தெரியாது. என் சங்கடத்தைத் தவிர்க்கவே சொன்னேன். அவர் பேச்சு அதோடு நின்றது." கூடவே மாற்றுப் பதில் ஒன்றையும் எழுதுங்கள்: "பையனை ரொம்ப எதிர்பார்த்துட்டு இருக்கீங்களாம்மா?" இதில் பொய் இல்லை. அவர் மேலே பேச வழியும் இருக்கிறது. கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருங்கள். எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தீர்கள் என்பதும் ரெக்கார்டில் வர வேண்டும்.

மற்றவர்களுக்குக் கேட்காத குரல் காதில் கேட்பவர் "உங்களுக்குக் கேக்குதா சிஸ்டர்?" என்று கேட்டால் பலர் தடுமாறுவார்கள். ஆமாம் என்று ஒத்துக்கொள்ளவும் வேண்டாம், அப்படி ஒன்றுமே இல்லை என்று வாதாடவும் வேண்டாம். "எனக்குக் கேக்கலண்ணா. ஆனா உங்களுக்குக் கேக்குதுன்னு புரியுது. பயமா இருக்கா?" என்று அவருடைய உணர்ச்சிக்குப் போங்கள்.

படி 4: அலசல்

ஒவ்வொரு பதிலுக்கும் எதிரே அது பேச்சைத் திறந்ததா, மூடியதா என்று குறியுங்கள். "ஏன் அப்படிச் செஞ்சீங்க?" என்ற கேள்வி விசாரணை போலக் கேட்கும், பெரும்பாலும் மூடிவிடும். அறிவுரையும் அப்படித்தான். கடைசியில் நாளைக்கான நோக்கத்தை ஒரு வரியில் எழுதி, மேடத்திடம் காட்டுங்கள். மூன்றாவது கட்டத்தை அவரிடம் மறைக்காதீர்கள்.

அப்புறம், போஸ்டிங் முடியும் நாளை முதல் நாளே சொன்னீர்கள் அல்லவா, அதை இடையிலும் நினைவுபடுத்துங்கள். திடீரென்று காணாமல் போனால் அவரைவிட்டுப் போனவர்களின் வரிசையில் நீங்களும் சேர்ந்துவிடுவீர்கள். விடைபெறும் பேச்சுக்கும் இதே நான்கு கட்டம்தான். அவசரத்தில் அதை எழுதாமல் விட்டுவிடாதீர்கள்.